மூட்டை தூக்கும் கைக்கு மாஸ்டர் யார்?

கடந்த தவணை விடுமுறையில் சங்க வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் எமது தோட்டத்துப் பையன்கள் ஆறு பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருவன், இப்போது இருபத்திரண்டு வயது, பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சீமெந்து மூட்டை ஏற்றி இறக்குகிறான். கொழும்பில் நாட்டாமி வேலை என்பார்கள். நான் போன நேரம் அவன் வலது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எங்கே தம்பி?" என்றேன்.

"ஜிம்முக்கு சேர்."

எனக்குக் கோபம் வந்தது. பகல் முழுக்கக் கூலிக்கு மூட்டை தூக்குகிறவன், இரவில் காசு கொடுத்து இரும்பு தூக்கப் போகிறானா? அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பினால் தங்கச்சியின் வகுப்புக் காசுக்காவது ஆகுமே. இதைச் சொல்லியும் விட்டேன். பிள்ளைகள் வளர்ந்து தலைக்கு மேல் உயர்ந்த பிறகும் வாத்தியார் புத்தி போவதில்லை. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கடையில தூக்கச் சொல்றாங்க சேர். அங்க எப்படித் தூக்குறதுன்னு சொல்லித் தர்றாங்க."

அந்தப் பதில் என்னை அவனோடு நடக்க வைத்தது.

மாடியில் ஒரு சிறிய இடம். சுவரெல்லாம் கண்ணாடி. இருபது பேர் அளவில் இருந்தார்கள். அந்த மாஸ்டர் ஒரு பையனின் கையிலிருந்த பாரை வாங்கி, இரண்டு பக்கமும் இருந்த இரும்புத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, வெறும் பாரைக் கொடுத்தார். பையன் அதை விரல்களின் அடியில் வைத்துப் பிடித்தான். மணிக்கட்டு பின்னால் மடிந்தது. மாஸ்டர் பாரை உள்ளங்கையின் கீழ்ப்பக்கத்துக்கு, மணிக்கட்டுக்குக் கிட்டிய சதைப்பகுதிக்கு நகர்த்தினார். பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். இப்போது மணிக்கட்டு நேராக நின்றது; பாரத்துக்கு நேர் கீழே முன்கை எலும்பு இருந்தது. "எலும்பு தாங்கட்டும், மணிக்கட்டு தாங்க வேண்டாம்" என்றார். பத்து தடவை வெறும் பாரைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஒரு சின்னத் தட்டு போட அனுமதி.

நாம் எல்லோரும் பார்த்த விஷயம்தான் இது. நட்டுக்கு நிற்கிற கம்பத்தின் தலையில் பாரம் வைத்தால் கம்பம் நிற்கும். அதே கம்பம் நடுவில் வளைந்திருந்தால் வளைந்த இடம்தான் முறியும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதனூடாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், தொட்டால் உணர்ச்சி தருகிற ஒரு நரம்பும் போகின்றன. தசைநாண் என்றால் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்க, அவற்றின் கயிறுகள்தான் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு பாரம் பிடித்தால், அந்தக் கயிறுகள் வளைவில் உராய்கின்றன, வழி இன்னும் குறுகி நரம்பு நசுங்குகிறது. அதோடு மடிந்த மணிக்கட்டோடு பிடிக்கும்போது விரலின் பிடியே பலம் குறைந்துவிடும். பலம் குறைந்ததால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினால் இன்னும் உராயும்.

ஜிம்மில் இன்னொரு விஷயமும் நடந்தது. என் மாணவன் பகலில் என்ன வேலை செய்கிறான் என்று மாஸ்டருக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, வெட்கமாம். நான்தான் சொன்னேன். மாஸ்டர் அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கையால் தூக்கும் பயிற்சி எதையும் கொடுக்காமல் காலுக்கு மட்டும் கொடுத்தார். "ரெண்டு மாசமா வலி எண்டா முதல்ல டொக்டரக் காட்டு. பட்டி சுத்தினா வலி மறையும், காரணம் மறையாது" என்றார். காசு வாங்கிக்கொண்டு தூக்கவிடுகிறவர், தூக்காதே என்கிறார். கூலி கொடுத்துத் தூக்கச் சொல்கிற இடத்தில் அப்படிச் சொல்ல ஒருவர் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பளுதூக்கும் போட்டியில் ஒரு வீரருக்கு இரண்டு விதத் தூக்கு, ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி. ஆக ஆறு தடவை. 2022ல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 55 கிலோ எடைப் பிரிவில் வெண்கலம் வென்ற எமது நாட்டின் டிலங்க இசுரு குமாரவுக்கும் அதே ஆறு முயற்சிதான். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் இளைப்பாறல், பயிற்றுநர், கைக்குச் சுண்ணத் தூள், வேண்டுமானால் மணிக்கட்டுப் பட்டி. இனி எமது பையனின் கணக்கு. ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. பத்து டொன் லொறி ஒன்றென்றால் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை. ஒருவன் கையில் 2,500 கிலோ. இது ஒரு லொறிக்கு. அடுத்த லொறி தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்.

மூட்டையைப் பிடிக்கும் விதம் இன்னும் மோசம். பாரில் பிடி இருக்கிறது, சீமெந்துப் பையில் இல்லை. மூலைகளைக் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டை ஒரு பக்கமாகத் திருகித் தோளுக்கு எறிகிறார்கள். அந்தத் திருகல்தான் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டை உருக்குகிறது. கிள்ளிப் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கையையும் பைக்கு அடியில் கொடுத்து, முழங்கை மடிந்து, பை நெஞ்சோடு ஒட்டியபடி தூக்கினால் பாரம் முன்கைக்கும் தோளுக்கும் போகும். இரண்டு பேர் பிடித்து ஒருவரின் தோளில் ஏற்றிவிட்டால் திருகலே இல்லை. லொறித் தட்டின் உயரத்திலிருந்து இழுத்தெடுக்கலாம், தரையிலிருந்து தூக்கத் தேவையில்லை. தள்ளுவண்டி ஒன்று இருந்தால் பாதி வேலை சக்கரத்துக்கு. இவற்றில் எதற்கும் பெரிய காசு வேண்டாம். "ஆனா மெதுவாயிரும் சேர். முதலாளி கத்துவார்" என்றான் அவன். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, கையில் இல்லை.

அடுத்த நாள் வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிற எமது பக்கத்து லயத்து அக்காவைப் பார்க்கவேண்டியிருந்தது. ஊரிலிருந்து அவருடைய மகள் கொடுத்துவிட்ட கடிதம் என்னிடம் இருந்தது. இரும்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, அவருக்கும் மணிக்கட்டுத்தான். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி கைய ஒதறிக்கிட்டு உக்காந்திருப்பேன் வாத்தியார் தம்பி. பெருவெரல், ஆள்காட்டி வெரல், நடுவெரல் மூணும் செத்துப்போன மாதிரி இருக்கும். சுண்டுவெரலுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கட்டில் விரிப்பு, ஜன்னல் சீலை, தரை துடைக்கும் துணி எல்லாவற்றையும் கையால் முறுக்கிப் பிழிகிறார். தண்ணீர் குடித்த கட்டில் விரிப்பு ஒன்று என்ன கனம் என்று பிழிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு பதினேழு வருடம் கொழுந்து பறித்தவர்.

அந்த அக்கா சொன்ன அடையாளம் வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. நான் மேலே சொன்ன குறுகிய வழியில் நசுங்கும் நரம்பு பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குத்தான் போகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. அதனால்தான் சுண்டுவிரல் தப்புகிறது. இரவில் கூடுவது, கையை உதறினால் குறைவது, இரண்டும் இந்த நோயின் குணம். ஆங்கில வைத்தியத்தில் கார்பல் டனல் என்பார்கள். எமது தோட்டங்களில் இதற்குப் பெயர் "வாதம்". வாதம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் பிறகு கேள்வி இல்லை. எண்ணெய் தேய்ப்போம், சித்தாலேப பூசுவோம், வயசு என்போம். பூசுவதில் தவறில்லை, சற்று ஆறுதல் கிடைக்கும். ஆனால் நசுங்கிய நரம்பு தைலத்தால் விடுபடாது. கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றிப்போகும். அந்த நிலைக்குப் போனால் சத்திரசிகிச்சை செய்தாலும் முழுப் பலமும் திரும்பும் என்று சொல்ல முடியாது. நேரத்தோடு போனால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு மட்டை, தேவையானால் ஓர் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சிறிய சத்திரசிகிச்சை.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எமது தோட்டக் கிளைக் கூட்டத்தில் மாதர் தலைவி எழும்பி, "கை வலியைப் பற்றியும் பேசணும்" என்றார். நிகழ்ச்சி நிரலில் சம்பளமும், வீட்டுக் காணியும், ஊழியர் சேமலாப நிதி நிலுவையும் இருந்தன. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். "அது டிஸ்பென்சரிக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அக்கா, சங்கத்துக்கு இல்லை" என்று சொன்னதும் நான்தான். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பவேயில்லை. கொட்டாஞ்சேனையில் அந்த மாஸ்டர் என் மாணவனின் கையைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஈரிலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து ஒன்று ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோவுக்கு எத்தனை கொழுந்து? பதினெட்டாயிரம். மும்மூன்றாகச் சேர்த்துக் கிள்ளினாலும் ஆறாயிரம் தடவை கை போய்வர வேண்டும். ஒரு பிள்ளை எழும்பி, "மழை நாள்ல தண்ணிக்குன்னு கிலோ வெட்டுவாங்க சேர், அப்ப இன்னும் கூட வரும்" என்றாள். சரி, கூட்டிப் போடு என்றேன். இன்னொருத்தன், "எங்கம்மா நாலா கிள்ளுவாங்க" என்று சண்டைக்கு வந்தான். கணக்குப் பாடம் அன்றைக்கு நன்றாக நடந்தது.

2021ல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது, பல தோட்டங்களில் அதோடு பறிக்கவேண்டிய கிலோவும் ஏறியது. ஏறிய ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கட்டு எத்தனை தடவை கூடுதலாக மடிகிறது என்று எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் எவரும் கணக்குப் போடவில்லை. நாமும் போடவில்லை. இப்போது ஆள் பற்றாக்குறை என்று கொழுந்துக் கத்தரி வேறு கொடுக்கிறார்கள். கத்தரியும் ஒரு பாரம்தான். அதைத் தூக்கிப் பிடித்தபடி நாள் முழுக்கத் திறந்து மூட வேண்டும். கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் ஆண்களும், பதினாறு லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து ஒரே கையால் பம்ப் அடிப்பவர்களும் இதே கணக்கில் வருவார்கள். கூடையின் பாரம் தலைக்கயிற்றில் கழுத்துக்குப் போகிறது. நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொட்டும்போதும், சாக்கின் காதைப் பிடித்துத் தராசில் மாட்டும்போதும் அந்தப் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு வந்துவிடும்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கூடையைக் கொட்டும்போது விளிம்பை விரலால் தொங்கவிடாமல் ஒரு கையை அடியில் கொடுங்கள். சாக்கை ஒருவர் மாட்ட வேண்டாம், இருவர் மாட்டுங்கள். வாளி தூக்கும்போது மெல்லிய கம்பிப் பிடியில் ஒரு துணியைச் சுற்றித் தடிப்பாக்குங்கள். மெல்லிய பிடியை இறுக்குவதற்குப் பலம் அதிகம் வேண்டும். துணி பிழியும்போது இரண்டு கையையும் எதிரெதிராக முறுக்காமல், குழாயில் ஒரு மடிப்பைக் கொளுவிவிட்டு மற்றப் பக்கத்தைத் திருப்புங்கள், அல்லது தண்ணீர் வடியும்வரை தொங்கவிடுங்கள். கத்தியும் கத்தரியும் மழுங்கினால் வேலை நிறுத்திச் சாணை பிடிக்கக் கேளுங்கள். மழுங்கிய கத்தி கூலிக்காரனின் மணிக்கட்டைத்தான் வெட்டும். மணிக்கொரு தடவை ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள். இரவில் கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துத் தூங்காதீர்கள்.

ஜிம்முக்குப் போகும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. போங்கள், நான் இனித் தடுக்கமாட்டேன். ஆனால் பகல் வேலை என்ன என்று மாஸ்டரிடம் மறைக்காதீர்கள். பார் பிடிக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடிகிறதென்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம், குறையுங்கள். பக்கத்தில் இருப்பவன் எத்தனை தட்டுப் போட்டான் என்று பார்க்காதீர்கள், அவன் பகலில் குளிரூட்டிய கடையில் உட்கார்ந்திருந்திருப்பான். தரையில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் வலித்தால் முட்டி மடக்கி ஊன்றுங்கள், மணிக்கட்டு நேராக இருக்கும். தசை வலி ஓரிரு நாளில் போய்விடும். மூட்டுக்குள் வலி, விறைப்பு, வீக்கம் என்றால் அது வேறு.

இரண்டு சோதனை இருக்கிறது. இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் விறைத்தால் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பெருவிரலை உள்ளே வைத்து முட்டியை மூடி, முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சரியுங்கள். பெருவிரலின் அடியில் சுரீர் என்றால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். வைத்தியர்கள் செய்யும் சோதனைகள்தான் இவை. வீட்டில் செய்வது வைத்தியரிடம் போவதா என்று முடிவெடுக்க மட்டும். நீரிழிவு, தைரொயிட் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விறைப்பு இன்னும் எளிதில் வரும் என்பதால் அவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மலையில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்த பிறகு பெருவிரலுக்குக் கீழே குழிவான இடத்தில் வலித்தால், "சுளுக்கு" என்று நீவிவிடக் கொடுக்காதீர்கள். அங்கே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது வெடித்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கூடாமல் போனால் கை வாழ்நாள் முழுக்க வலிக்கும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. கொழும்பில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை, வெள்ளவத்தைப் பக்கம் என்றால் களுபோவிலை வைத்தியசாலை இருக்கின்றன.

இனி சங்கத்துக்கு வருகிறேன். இது டிஸ்பென்சரி விஷயம் என்று அன்றைக்குச் சொன்னவன் இன்றைக்கு ஏன் சங்க விஷயம் என்கிறான் என்று கேட்பீர்கள்.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967லேயே மூட்டை எடையைப் பற்றி ஓர் உடன்படிக்கையும் ஒரு சிபாரிசும் கொண்டுவந்தது. வயதுவந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும், பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சிபாரிசு. 55 என்பது மேல் எல்லை. நாள் முழுக்கத் தூக்கலாம் என்று அனுமதிக்கும் அளவாக அதைப் படிக்கக்கூடாது. அதே ஸ்தாபனம் 2010ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டின் பெருவிரல் பக்கத் தசைநாண் அழற்சியும் கார்பல் டனல் நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, பலம் கொடுத்துச் செய்யும் வேலை, மணிக்கட்டை மடக்கிச் செய்யும் வேலை என்று காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். நாம் வாதம் என்றும் விதி என்றும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றை உலகம் தொழில் நோய் என்று எழுதிவைத்திருக்கிறது.

எமது நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே வந்தது. கை முறிந்தால் நாள் தெரியும், நேரம் தெரியும், பார்த்தவர் இருப்பார். மணிக்கட்டு பத்து வருடத்தில் தேயும்போது எந்த நாளை எழுதுவது? நோய் வேலையால்தான் வந்தது என்று காட்ட எழுத்து வேண்டும். டிஸ்பென்சரிக்குப் போய் "கை வலி" என்று சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி வந்தால் எழுத்து இல்லை. எந்தக் கை, எந்த விரல், எத்தனை மாதம், என்ன வேலை என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். துண்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். இதைத் தனித்தனி ஆள் கேட்டால் "பெரிய டாக்டரா நீ" என்பார்கள். சங்கம் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

சம்பளம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று எமது மூத்த தலைவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு நிச்சயம் சொல்வார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் அடிபட்டுச் சிறை போன காலத்தில் நான் பிறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன் ஐயா: நாற்பது வயதில் கை விட்டுப்போன பெண்ணுக்கு அரைப் பேர்தான் போடுகிறார்கள். அவளுக்கு நாம் போராடி வாங்கிய நாட்சம்பளம் பாதிதானே? கையும் சம்பளக் கணக்கில்தான் வருகிறது.

கொழும்புக் கடைக்காரப் பையன்கள் எமது அங்கத்தவர்கள் இல்லை, அவர்களைப் பற்றி ஏன் என்றும் கேட்கலாம். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க 1922ல் தொடங்கிய தொழிற்சங்கத்தில் பங்கெடுத்த நடேசய்யர்தான் பிறகு 1931ல் மலைநாட்டில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டினார். 1927ல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அரிசியில் எமது பாட்டன்மாரின் லயங்களுக்கு வந்ததும் உண்டு. மூட்டை இறக்கும் கையும் கொழுந்து கிள்ளும் கையும் அன்றைக்கே தெரிந்த கைகள்தான். இன்றைக்கு ஒரே குடும்பத்தில் தாய் மலையில், மகன் பழைய சோனகத் தெருவில், அத்தை வெள்ளவத்தையில். 2021ல் வேலைக்குச் சேரக்கூடிய ஆகக்குறைந்த வயதை 16 ஆக்கியிருக்கிறார்கள். பதினெட்டுக்குக் கீழ் ஆபத்தான வேலை கூடாது என்பதும் சட்டம். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை என்று கொழும்புக்கு அனுப்பும் பெற்றோர், கடையில் என்ன தூக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். வளரும் எலும்பு அது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு நான் முன்வைப்பது பெரிய பட்டியல் இல்லை. கொழுந்துச் சாக்கு ஒன்றில் இத்தனை கிலோவுக்கு மேல் கட்டக்கூடாது என்று ஓர் எல்லை. நிறுவை இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை, சாக்கைத் தூக்காமல் வைத்து நிறுக்க. கத்தரிக்கு ஆள் மாற்றி மாற்றிப் போடுவது. வைத்தியர் துண்டு எழுதினால் பேர் வெட்டாமல் இலேசான வேலை. மேடைக்குப் பலகையும் நாலு தூணும் போதும், கம்பனி முறியாது.

மாதர் தலைவி அக்காவின் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் பெரிதாகத் தெரியும். தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர் சொன்ன பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு லயத்தில் மட்டும் ஒன்பது பேர். கொப்பியில் எந்தக் கை, எந்த விரல், எத்தனை மாதம், என்ன வேலை என்று நான்கு கோடு போட்டிருக்கிறேன். மற்றக் கிளைகளும் இப்படி ஒரு கொப்பி எடுத்து, மாதர் தலைவியிடம் கொடுத்து, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பையன் நேற்றிரவு கோல் எடுத்தான். வைத்தியசாலைக்குப் போயிருக்கிறான். மணிக்கட்டுக்கு மட்டை கொடுத்து, மூன்று கிழமை பாரம் தூக்கவேண்டாம் என்று துண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "துண்ட முதலாளிகிட்ட குடுத்தா நாளைக்கே வேற ஆள் எடுப்பாரு சேர். குடுக்கவா, வேணாமா?" என்று கேட்டான். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை காரியாலயத்தில் இதைத்தான் முதல் விஷயமாகப் பேசப் போகிறோம்.